1/1.13 சிவப்பு வயர்: ஒரு அன்ரனாக்காரனின் கணக்கு

கிளிநொச்சியில் எந்த ஹார்ட்வெயார் கடைக்குப் போய் "1/1.13 சிவப்பு" என்று கேட்டாலும் முதலில் வரும் கேள்வி, "எத்தினை பொயின்ற் அண்ணை?" லைற் பொயின்ற், பிளக் பொயின்ற் கணக்கு அது. பொயின்ற் ஒன்றும் இல்லையடா தம்பி, ரெண்டு பனைதான் என்றேன். பொடியன் திரும்பி முதலாளியைப் பார்த்தான். முதலாளி கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். ஆனாலும் நூறு மீற்றர் சுருளை எடுத்து மேசையில் வைத்துவிட்டார்.

எனக்குத் தொழில் வட்டக்கச்சியில் தண்ணீர் மோட்டர் கட்டுவது. பொழுதுபட்ட பிறகு அமெச்சூர் வானொலி, அதாவது உரிமம் எடுத்துப் பொழுதுபோக்காக வானலையில் மற்றவர்களோடு பேசுவது. மரத்துக்கு மரம் வயர் இழுத்தால் எங்கள் பக்கத்தில் நாலு பேர் வந்து என்ன ஏது என்று விசாரிக்காமல் போகமாட்டார்கள். அதனால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு தந்த உரிமத்தின் போட்டோக் கொப்பி ஒன்றைப் பட்டறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். பாதிப் பேருக்கு அதுவே போதும். மீதிப் பேருக்குத் தேநீர்.

இது அந்தச் சிவப்பு வயரைப் பற்றிய மதிப்புரை. 1/1.13 என்றால் 1.13 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒற்றைச் செம்புக் கம்பி, மேலே பி.வி.சி. உறை. வீட்டு வயரிங்குக்கு அது எப்படி என்று எலெக்ட்ரீசியன்மாரைக் கேளுங்கள். 40 மீற்றர் பாண்டில் (7 மெகாஹேர்ட்ஸ் பக்கம் அமெச்சூர்காரருக்கு ஒதுக்கிய அலைவரிசை) இருமுனை அன்ரனாவாக (நடுவில் பிரித்து இரண்டு கையாக நீட்டிக் கட்டும் வயர்) அது எப்படி நடந்துகொண்டது என்பதை மட்டும் நான் சொல்கிறேன். கம்பெனிப் பெயரை எழுதவில்லை. நான் அளந்தது ஒரே ஒரு சுருள். அடுத்த சுருளில் பிளாஸ்ரிக் ஒரு நூலளவு கூடக்குறைய இருந்தாலே என் இலக்கங்கள் மாறிவிடும். விலையும் எழுதவில்லை. 2022க்குப் பிறகு செம்பு வயரின் விலையை எழுதி வைப்பதில் அர்த்தமில்லை, எழுதின மை காய முதல் மாறிவிடும்.

முதல் தடவை நான் ஏமாந்ததைச் சொல்லிவிடுகிறேன். அரை அலை இருமுனைக்கு எல்லோரும் சொல்லும் சூத்திரம், 143ஐ மெகாஹேர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீற்றரில் வரும் என்பது. 7.1 மெகாஹேர்ட்ஸுக்கு 20.14 மீற்றர். அளந்து வெட்டி, நடுவில் கோக்ஸ் வயரை (ரீவி அன்ரனா வயர் மாதிரி, நடுக்கம்பியைச் சுற்றி வெளிவலை உள்ளது) பொருத்தி, பனைகளுக்கு இடையில் ஏற்றிவிட்டு நனோ வி.என்.ஏ. என்ற அன்ரனா அளக்கும் கருவியை மாட்டிப் பார்த்தால், பரிவை, அதாவது அன்ரனா ஒத்து அதிரும் இடத்தைக் காட்டும் பள்ளம் 6.85இல் விழுகிறது. பாண்ட் தொடங்குவது 7.0இல். அதாவது என் அன்ரனா பாண்டுக்கு வெளியே, வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. முதலில் அளவுக் கருவியைச் சந்தேகித்தேன். பிறகு பனையைச் சந்தேகித்தேன். வாய்க்கால் தண்ணீர் வந்து நிலம் ஈரமாய்க் கிடந்ததால் நிலத்தையும் சந்தேகித்தேன். வயரைச் சந்தேகிக்க இரண்டு நாள் எடுத்தது.

143 என்பது வெறும் செம்புக் கம்பிக்கான இலக்கம். உறை போட்ட வயரில் அலை சற்று மெதுவாகப் போகும். எவ்வளவு மெதுவாக என்பதைச் சொல்லும் இலக்கம்தான் வேகக் காரணி. வவுனியாவில் இருக்கும் ஒரு நண்பர் இந்தச் சொல்லைக் கேட்டதும் கோக்ஸ் வயரின் 0.66ஐ எடுத்துப் பெருக்கி, 13 மீற்றருக்குக் கிட்ட வெட்டிவிட்டு எனக்குப் போன் எடுத்தார். பாவம், நல்ல வயர். கோக்ஸில் நடுக்கம்பிக்கும் வெளிவலைக்கும் இடையில் மின்புலம் முழுவதும் பிளாஸ்ரிக்குக்குள்தான் அடைபட்டுக் கிடக்கிறது. பொலித்தீனின் அனுமதித்திறன், அதாவது வெற்றிடத்தோடு ஒப்பிட்டால் மின்புலத்தை எவ்வளவு ஏற்கிறது என்ற இலக்கம், 2.25. அதன் வர்க்கமூலம் 1.5. ஒன்றை அதனால் வகுத்தால் 0.66 வந்துவிடும். ஆகாயத்தில் தொங்கும் ஒற்றை வயரில் கதை வேறு. புலத்தின் பெரும்பகுதி காற்றில் விரிந்து கிடக்கிறது, பிளாஸ்ரிக் அதில் ஒரு தோல்தான். ஆகவே நூற்றுக்கு இரண்டு, மூன்று, நாலு என்றுதான் குறையும். ஆனால் 7 மெகாஹேர்ட்ஸில் நூற்றுக்கு மூன்றரை என்றால் 250 கிலோஹேர்ட்ஸ். எங்கள் பாண்டே அவ்வளவு அகலமில்லை.

சரி, இந்தச் சுருளுக்கு அது எவ்வளவு? அட்டவணை பார்த்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. மோட்டர் கட்டுகிறவன் கையில் மைக்ரோமீற்றர் இல்லாமல் இருக்காது. உறையோடு விட்டம் 2.7 மில்லிமீற்றர், உரித்தால் கம்பி 1.13, பெயருக்குச் சரியாக. குறுக்கே பிளேட்டால் வெட்டி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கம்பி சரிநடுவில் இல்லை. ஒரு பக்கம் பிளாஸ்ரிக் 0.88, மறுபக்கம் 0.69. எஸ்.எல்.எஸ். என்ற இலங்கைத் தர முத்திரை குத்திய வயர்தான், வீட்டுக்கு இதனால் ஒரு பிழையும் வராது. ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் அளந்து கணக்குப் போடுகிறவன் பிழையான தடிப்பைத்தான் கணினிக்குக் கொடுப்பான். வெளிவிட்டத்தையும் உள்விட்டத்தையும் அளந்து பாதியாக்குவதுதான் பாதுகாப்பு.

அதன் பிறகுதான் பெரிய வேலை. ஒரே வயரை உறையோடும் உறையில்லாமலும், ஒரே நீளத்தில், ஒரே இடத்தில், ஒரே உயரத்தில் தொங்கவிட்டு அளந்தால், இரண்டு பரிவு மீடிறன்களின் விகிதமே வேகக் காரணி. மீடிறன் என்பது எங்கள் பாடப்புத்தகச் சொல், தமிழ்நாட்டவர் அதிர்வெண் என்பார்கள். உயரம் மாறினால் பரிவும் மாறும், அதனால் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். சொல்ல லேசு. இருபது மீற்றர் வயரின் தோலை உரிக்க வேண்டுமே.

மருமகன் ஒரு வழி கண்டுபிடித்தான். பலகையில் இரண்டு ஆணி அடித்து, இடையில் பிளேட்டைச் சரிவாகச் செருகி, வயரை அதற்குள்ளால் இழுப்பது. காலையில் இழுத்தபோது பிளாஸ்ரிக் விறைப்பாக இருந்து அடிக்கடி செம்பைக் கீறியது. கீறின இடத்தில் பிறகு கம்பி முறியும். "மாமா, வெயிலுக்க போடுவம்" என்றான். பன்னிரண்டு மணி வெயிலில் தகரத்தின் மேல் அரை மணித்தியாலம் கிடந்த வயர், வாழைத்தண்டு மாதிரி உரிந்துவந்தது. வன்னி வெயிலுக்கு நான் நன்றி சொன்ன சில தருணங்களில் அதுவும் ஒன்று. உரித்த சிவப்புத் தோலை அக்கா பாகற்பந்தல் கட்ட எடுத்துக்கொண்டு போய்விட்டா.

ஒவ்வொரு கையும் 10.10 மீற்றர், மொத்தம் 20.20. உயரம் 8 மீற்றர். கெற்றப்போலில் தங்கூசியைக் கட்டி வட்டுக்குள்ளால் எய்து, அதன் பின்னால் நைலோன் கயிற்றை இழுத்து ஏற்றினோம். அளவுக் கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. நனோ வி.என்.ஏ. உள்ளங்கைக்குள் அடங்கும் சாமான், இந்த வேலைக்கு அதைவிட மலிவான நல்ல வழி எனக்குத் தெரியாது. ஆனால் வெளியில் வெயிலில் திரை ஒரு மண்ணும் தெரியாது. உரச்சாக்கைத் தலைக்கு மேல் போர்த்துக்கொண்டு, அந்தக் காலத்துப் படம்பிடிக்கிற ஐயா மாதிரிக் குனிந்து நின்றுதான் பார்த்தேன். அளவுதிருத்தத்தைக் கருவியின் வாயில் செய்யாமல், கோக்ஸ் வயரின் அந்த முனையில், அன்ரனா பொருந்தும் இடத்தில் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் கோக்ஸின் நீளமும் கணக்குக்குள் வந்து பரிவு எங்கேயோ போய் நிற்கும். கோக்ஸை பெரைற் என்ற காந்தப்பொருளில் செய்த ஒரு வளையத்தில் பத்துச் சுற்றுச் சுற்றி வெளிவலையில் மின்னோட்டம் ஓடாமல் தடுப்பதும் கட்டாயம். வீச்சை 6.5இலிருந்து 7.5 வரை ஒடுக்கிக்கொண்டால் 101 புள்ளியில் ஒரு புள்ளிக்கு 10 கிலோஹேர்ட்ஸ். போதும். எஸ்.டபிள்யூ.ஆர். (அனுப்பிய அலையில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு) பள்ளத்தைப் பார்க்காமல், எதிர்வினைப்பு (தடையைத் தவிர, தூண்டலாலும் கொள்ளளவாலும் வரும் எதிர்ப்பு) பூச்சியத்தைக் கடக்கும் இடத்தைப் பாருங்கள். பள்ளம் தட்டையாக இருக்கும், கண் ஏமாற்றும்.

உரித்த கம்பி 7.08. உறையோடு 6.83. விகிதம் 0.965.

மூன்று நாள் காலை ஒரே நேரத்தில் ஏற்றி இறக்கிப் பார்த்தேன், 10 கிலோஹேர்ட்ஸுக்குள்தான் ஆடியது. 7.08ஐ 20.20ஆல் பெருக்கினால் 143. என் இடத்தில், என் உயரத்தில் பழைய சூத்திரம் அப்படியே நிற்கிறது. அதை 0.965ஆல் பெருக்கினால் 138. இந்தச் சுருளுக்கு இனி 143 இல்லை, 138தான். 7.1க்கு 19.44 மீற்றர். பட்டறைச் சுவரில் உரிமத்துக்குப் பக்கத்தில் அதையும் எழுதி வைத்தேன்.

கடுதாசியிலும் இது வருமா என்று பார்க்க ஆசை வந்தது. சிறிய சூத்திரம் ஒன்று இருக்கிறது. உறை என்பது வயரின் ஒவ்வொரு மீற்றருக்கும் சிறிது தூண்டற்றிறனை (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் குணம், சுருளில் இருப்பது மாதிரி) கூட்டுவதற்குச் சமம் என்று எடுத்துக்கொள்ளலாம். 0.2ஐ எடுத்து, ஒன்றிலிருந்து அனுமதித்திறனின் தலைகீழைக் கழித்து வருவதால் பெருக்கி, வெளிவிட்டத்தை உள்விட்டத்தால் வகுத்த இலக்கத்தின் இயற்கை மடக்கையாலும் பெருக்கினால் மைக்ரோஹென்றியில் விடை வரும். பி.வி.சி.க்கு 3.5 என்று வைத்தால் முதல் காரணி 0.71. விட்டங்களின் விகிதம் 2.39, அதன் மடக்கை 0.87. பெருக்கினால் மீற்றருக்கு 0.12 மைக்ரோஹென்றி. 7 மெகாஹேர்ட்ஸ் இருமுனையில் இந்தத் தடிப்புக் கம்பிக்கு இயல்பாகவே மீற்றருக்கு 1.76 வரை இருக்கிறது. ஆக நூற்றுக்கு ஏழு கூடுகிறது. வேகம் வர்க்கமூலத்தோடு போவதால் பாதி, மூன்றரை. பனையில் அளந்ததும் மூன்றரை. அன்றைக்கு இரவு மனுசி "என்ன, லொத்தர் விழுந்ததோ?" என்று கேட்டா.

அன்ரனாவைக் கணினியில் மொடலாகப் போட்டுப் பார்க்க ஈ.இசட்.நெக் என்ற மென்பொருளைப் பாவித்தேன். ரோய் லெவாலன் என்ற அமெரிக்க வானொலிக்காரர் எழுதியது. அவர் ஓய்வெடுத்ததோடு 2022 ஜனவரியிலிருந்து இலவசம். இதன் அடியில் ஓடும் நெக்-2 என்ற கணிப்பு இயந்திரம் கலிபோர்னியாவின் லோரன்ஸ் லிவர்மோர் ஆய்வுகூடத்திலிருந்து 1981இல் வந்தது. அதற்கு உறை என்றால் என்னவென்று தெரியாது, வெறும் கம்பிதான் தெரியும். ஈ.இசட்.நெக்கில் வயர் அட்டவணையில் அனுமதித்திறனுக்கும் தடிப்புக்கும் தனி நிரல் இருக்கிறது. நான் மேலே போட்ட கணக்கு மாதிரியே அது வயர் முழுக்கத் தூண்டற்றிறனைப் பரவவிட்டுச் சமாளிக்கிறது. முதலில் 3 என்று கொடுத்தேன், 6.85 என்றது. 3.5 ஆக்கியதும் 6.83க்கு வந்து உட்கார்ந்தது. பி.வி.சி. என்பது ஒரே பொருள் இல்லை. மென்மையாக்க என்ன கலந்தார்கள், என்ன சாயம் போட்டார்கள் என்பதைப் பொறுத்து இலக்கம் மூன்றுக்கும் நாலுக்கும் மேலே கீழே ஓடும். எனவே மொடல் சொல்வதை நம்பி வெட்டாதீர்கள். ஒரு தடவை பனையில் அளந்து மொடலுக்குச் சொல்லிக் கொடுங்கள், பிறகு அது உங்களுக்குச் சொல்லித் தரும்.

சொல்லித்தந்ததா? 20 மீற்றர் பாண்டுக்கு 14.15 கேட்டேன். 9.73 மீற்றர் வெட்டச் சொன்னது. வெட்டி ஏற்றினால் 14.12. ஒரு துண்டும் வெட்டாமல் அப்படியே விட்டுவிட்டேன்.

இனிக் குறைகள். வயரின் குறையைச் சொல்ல முதல் ஒரு கடையின் குறையைச் சொல்ல வேண்டும், சுருள் வாங்கிய கடை இல்லை, வேறொன்று, பெயர் வேண்டாம். நீலத்தில் ஒரு வயரை ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று அங்கே போய், 10.10 மீற்றரில் இரண்டு துண்டு கேட்டேன். மேசையில் அடித்திருந்த பித்தளை ஆணிகளுக்கு இடையில் சரக் சரக்கென்று இழுத்து வெட்டித் தந்தார்கள். கொண்டுவந்து ஏற்றினால் 6.935. வேகக் காரணி 0.98! இதுவல்லோ வயர் என்று துள்ளிக் குதித்து நண்பருக்கும் போன் எடுத்துச் சொல்லிவிட்டேன். மருமகன்தான் இரும்பு நாடாவை நீட்டி, "மாமா, இது 9.95தான் இருக்கு" என்றான். ஒவ்வொரு மீற்றரிலும் ஒன்றரைச் சென்ரிமீற்றர் குறைவு. திரும்பக் கணக்குப் போட்டால் அதே 0.965, சிவப்பும் நீலமும் ஒரே பிள்ளைகள். கடையில் போய்ச் சொன்னேன். "வீட்டுக்கு வயர் இழுக்கிற ஆக்கள் ஒருத்தரும் இதைக் கேக்கிறேல்லையே தம்பி" என்றார். அது உண்மைதான். இருந்தாலும் ஆணிகள் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கின்றன. சுருளாக வாங்குங்கள், வீட்டில் இரும்பு நாடாவால் அளந்து வெட்டுங்கள். தையல்காரரின் சீலை நாடா வேண்டாம், அதுவும் இழுபடும்.

வயரின் குறையும் இழுபடுவதுதான். வீட்டு வயரிங் செம்பு மென்செம்பு. குழாய்க்குள் வளைந்து போகச் செய்தது, மரத்தில் தொங்கி நிற்கச் செய்ததில்லை. ஆனி, ஆடியில் சோளகம் அடிக்கத் தொடங்கினால் இரணைமடுப் பக்கம் பனை தலைவிரித்து ஆடும். ஒரு மாதம் ஆடிய பிறகு என் பரிவு 7.10இலிருந்து 7.06க்கு இறங்கியிருந்தது. உறைதான் வெயிலில் ஏதோ மாறிவிட்டது, வேகக் காரணி குறைகிறது என்று பெரிய ஆராய்ச்சி செய்யப் புறப்பட்டேன். இறக்கி அளந்தால் வயர் 10 சென்ரிமீற்றர் நீண்டிருக்கிறது. அவ்வளவுதான். இப்போது ஒரு பக்கக் கயிற்றைக் கப்பியில் போட்டு, முனையில் மணல் நிரப்பிய போத்தலைத் தொங்கவிட்டிருக்கிறேன். பனை ஆடும்போது போத்தல் ஏறி இறங்கும், வயர் இழுபடாது. கொழுவும் முனைகளில் உறையை உரிக்காமல் முட்டை வடிவப் பீங்கானில் சுற்றிக் கட்டினால் அறுந்து விழுவதும் குறைவு. மழை நேரத்தில் உறையில் நீர் படிந்து பரிவு சற்று இறங்கும், காய்ந்ததும் திரும்பிவிடும், அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

வேறு வயர்களையும் பார்த்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். 7/0.67 தடித்த வயர் (0.67 மில்லிமீற்றர் இழை ஏழு முறுக்கியது) 0.973 வந்தது. தடித்த உறைதானே, கூடக் குறையும் என்று எதிர்பார்த்தேன். ஆனால் உறையின் தடிப்பு தனியாகக் கணக்கில் வராது, கம்பியோடு ஒப்பிட்ட விகிதம்தான் வரும். அங்கே கம்பி 2 மில்லிமீற்றர், உறையோடு 3.7. விகிதம் 1.84தான். பலமும் அதிகம், அதன் பாரத்துக்கு நடுவில் தொய்யும், காசும் கூட. என் பட்டறையில் கிடந்த 18 கேஜ் எனாமல் கம்பி வெறும் செம்பிலிருந்து கால் சதவீதம்கூட விலகவில்லை. அந்த வார்னிஷ் தோல் அவ்வளவு மெல்லிது. ஆனால் வெயிலில் எத்தனை வருசம் தாங்குமோ.

பெரியம்மா வீட்டில் உடுப்புக் காயப்போடும் கொடி ஒன்று, கறுப்பு முறுக்கு வயர், 2010இல் மீள்குடியேறி வந்தபோது வளவுக்குள் கிடந்து எடுத்தது. போர்க்காலத்துத் தொலைபேசி வயர் என்று பார்த்தால் தெரியும். முறுக்கைப் பிரித்து ஒரு இழையை எடுத்துக் காந்தத்தை வைத்தேன், ஒட்டியது. ஏழு புரியில் நாலு செம்பு, மூன்று உருக்கு. பதின்மூன்று வருசம் வெயிலிலும் மழையிலும் ஈரச் சாரங்களைத் தாங்கியும் உறை ஒரு வெடிப்பு இல்லை. வேகக் காரணி 0.975, பி.வி.சி.யைவிட நல்லது. ஆனால் பரிவில் தடை சிவப்பு வயரில் 61 ஓம், இதில் 68. அந்தக் கூடுதலில் ஒரு பங்கு உருக்கில் வெப்பமாகப் போவது. சோளகத்துக்கு இதுதான் ராசா. பெரியம்மா மாற்றுக் கொடி கேட்டா, நைலோன் கயிறு கட்டிக்கொடுத்தேன். "உந்தக் கயிறு தொய்யுது, பழசைக் கொண்டா" என்று இரண்டாம் கிழமையே ஆள் அனுப்பிவிட்டா.

ஆக, என் பனையில் இப்போது தொங்குவது சிவப்பு 1/1.13தான், 19.44 மீற்றர். இரவு ஏழு மணிக்குப் பிறகு தமிழ்நாட்டு வி.யு. காரர்கள் (வி.யு. என்பது இந்திய வானொலிக்காரரின் அழைப்புக் குறி தொடங்கும் எழுத்து) தெளிவாகக் கேட்கிறார்கள், அவர்களுக்கும் நான் கேட்கிறேன். சுருளில் மிச்சம் கிடக்கிறது. அடுத்த தடவை கடைக்குப் போனால் பொடியன் பொயின்ற் கணக்குக் கேட்க மாட்டான். போன கிழமை பல்ப் வாங்கப் போனபோதே, "அண்ணை, பனைக்குக் கரண்ட் குடுத்திட்டீங்களோ?" என்றுதான் கேட்டான்.